நலம் விசாரிக்க வந்தவர்களும் தீபாவளி பிராக்குகளும்

தொண்ணூறுகளின் கடைசியில் புதியம்புத்தூரில் எங்கள் வீட்டுக்குள்ளேயே இரண்டு தையல் மெஷின்கள் ஓடின. அப்பா துணி வெட்டுவார். அம்மாவும் நானும் தைப்போம். தீபாவளிக்காக ரெடிமேட் கடைக்காரர் தைக்கத் தரும் குழந்தைகள் பிராக்கை நம்பித்தான் எங்கள் வருடமே ஓடியது.

அந்த ஆடியில் அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய் என்று மதுரையில் ஆபரேஷன் செய்தார்கள். வீடு திரும்பியவள் வலது கையைத் தூக்க முடியாமல் படுத்திருந்தாள். வேலையை நிறுத்தியது என்னவோ அப்பா.

கத்தரியை எடுத்தாலே அவருக்குக் கண் கலங்கியது. டீக்கடைக்குப் போகும்போது கலங்கவில்லை. பார்க்க வரும் சொந்தக்காரர்களை வாசலிலேயே பிடித்து ஆஸ்பத்திரிக் கதையை முதலிலிருந்து சொல்வார். "மனுசன் பாதியாப் போயிட்டாரே" என்று அவருக்குத்தான் ஆறுதல் கிடைத்தது. வந்த ஹார்லிக்ஸில் பாதியும் அவருக்குத்தான். மெஷின் சத்தம் பேச்சுக்கு இடைஞ்சல் என்று என்னை எழுப்பிக் காப்பி போட அனுப்பினார்கள்.

அப்பாவின் அக்கா, என் அத்தை, பசுவந்தனையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்தாள். கட்டிலோரம் உட்கார்ந்து, இதே நோயில் செத்தவர்களின் கதையை விலாவாரியாகச் சொல்வாள். "அவளும் உன்னய மாதிரிதான் தாயி, நல்லாத்தான் பேசிக்கிட்டிருந்தா" என்பாள். பிறகு சாப்பிட்டுவிட்டுப் போவாள்.

ஒரு நாள் கடைக்காரர் ஆப்பிளோடு வந்தார். "அண்ணாச்சி, இந்த வருசம் வேலைய வேற வீட்டுக்குக் குடுக்கலாம்னு பாக்குதேன். அவிய நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றார். அப்பா கையெடுத்துக் கும்பிட்டார்.

மறுநாள் காலை அம்மா என்னைச் சேலை கட்டிவிடச் சொன்னாள். இருவரும் கடைக்குப் போனோம். கடைக்காரர் பதறிப்போய் நாற்காலி போட்டார்.

"கைதான் தூக்க வரல. வாய் நல்லாத்தான் இருக்கு. நான் சொல்லுதேன், எம் மக தைப்பா" என்றாள் அம்மா.

"நீங்க கஷ்டப்படக்கூடாதேன்னுதான் பாக்குதேன், அக்கா."

"சும்மா படுத்துக் கெடந்தா செத்தவங்க கதையால்லா கேக்க வேண்டியிருக்கு. அதுக்கு இது தேவல, அண்ணாச்சி."

அவர் ஆர்டர் நோட்டை எடுத்தார். அப்பா மறுபடி கண் கலங்குவதற்கு இடம் தராமல், வெட்டிய துணியாகவே கேட்டு வாங்கினாள் அம்மா.

நான் தைக்கத் தைக்க, பிராக்குகளைக் கட்டில்மேல் குவிக்கச் சொன்னாள். பக்கத்தில் சின்னக் கத்தரிகள். அத்தை வந்து உட்கார்ந்ததும் ஒன்றை நீட்டினாள்.

"மதினி, பேசிக்கிட்டே இந்தத் தொங்குத நூலையெல்லாம் நறுக்குங்க. கை சும்மாதான இருக்கு."

நோயாளி கேட்டதை எப்படி மறுப்பது? அத்தை நறுக்கினாள். கவனம் பிசகினால் துணியில் ஓட்டை விழும் என்பதால், அன்றைய கதையில் யாரும் சாகவில்லை.

வந்தவர்கள் எல்லோருக்கும் கத்தரி கிடைத்தது. சிலர் கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார்கள். சிலருக்கு வந்தவுடனே பஸ்ஸுக்கு நேரமானது. சில நாட்களில் கூட்டம் வடிந்துவிட்டது. அத்தை மட்டும் விடாமல் வந்து, என் தையலில் குற்றம் சொல்லிக்கொண்டே நூல் நறுக்கினாள்.

கதை கேட்க ஆளில்லாமல் உட்கார்ந்திருந்த அப்பாவிடமும் அம்மா ஒரு கத்தரியை நீட்டினாள்.

"மனசே சரியில்ல" என்றார்.

"மனசு அங்கன இருக்கட்டும். இதுக்குக் கைதான் வேணும்."

தீபாவளிக்கு முன்பே துணியைக் கொடுத்து முடித்தோம். அடுத்த வருடம் அம்மா மறுபடி மெஷினில் உட்கார்ந்தாள். பொண்டாட்டியைக் கேன்சரிலிருந்து மீட்டுக் கொண்டுவந்தவர் என்று ஊரில் இன்றைக்கும் அப்பாவைத்தான் சொல்கிறார்கள். அவரும் மறுப்பதில்லை.