விழுந்திட்டன்

விளையாட்டு ஏறும்போது தகரத்தில் ஆணியால் கீறுவது போன்ற ஒரு கீச்சொலி கசெற்றிலிருந்து கிளம்பி வீடு முழுக்கப் பரவும்; அது ஓயும்வரை அண்ணையும் நானும் மூச்சுக்கூட விடமாட்டோம், ஏனென்றால் இடையில் கரண்ட் போனால் எல்லாம் முதலிலிருந்துதான். எண்பதுகளின் பிற்பகுதியில், வட்டுக்கோட்டையில் இருந்த எங்கள் வீட்டுக்கு லண்டன் மாமா கொண்டுவந்து தந்த "கொம்பியூட்டர்" பார்வைக்கு ஒரு தட்டச்சுப் பலகை மட்டுமே. தொலைக்காட்சியோடு அதை இணைத்தால் திரையில் இரண்டு வாள் வீரர்கள் வந்து நிற்பார்கள். பலகையின் இடது மூலை எனக்கு, வலது மூலை அண்ணைக்கு. வெட்டுச் சரியாக விழுந்தால் தலை தனியே உருண்டோடும். பிறகு ஒரு பட்டனைத் தட்டினால் செத்தவன் தலையோடு எழும்பி நிற்பான். கோயிலில் சூரனுக்குத் தலை மாற்றுவதை ஆண்டுதோறும் பார்த்து வளர்ந்த எனக்கே அது பேரதிசயமாக இருந்தது.

அண்ணை என்னிலும் நாலு வயது மூத்தவர். முழங்கையால் இடித்துத்தான் வெல்லுவார். ஒரு பின்னேரம், ஆமி ஹெலிகொப்டர் ஊருக்கு மேலே சுற்றிவிட்டுப் போன கொஞ்ச நேரத்தில், நான் "ஐயோ, செத்திட்டன்" என்று அலற, குசினியிலிருந்து அம்மா அகப்பையோடு ஓடி வந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது. அந்தச் சாமானை மாமாவுக்கே திருப்பி அனுப்பிவிடப் போவதாகச் சொல்லி வயரைப் பிடுங்கிக்கொண்டு போனார். அண்ணை அழுததை நான் கண்டது அன்றைக்குத்தான். இரண்டு பேரும் சாப்பிடாமலே படுத்தோம்.

மறுநாள் அம்மாவே வயரைக் கொண்டுவந்து தந்தார்.

"வீட்டுக்குள்ளை செத்தன் கித்தன் எண்ட கதை வேண்டாம். விழுந்திட்டன் எண்டு சொல்லுங்கோ. விழுந்தவன் எழும்புவான்."

அதன்பிறகு எங்கள் வீட்டில் ஒருவரும் சாகவில்லை. தலை உருண்டாலும் "விழுந்திட்டாய்"தான்; கதவிடுக்கில் நசுங்கிய பல்லிகூட "விழுந்திட்டுது". பழக்கம் அம்மாவையும் பிடித்துக்கொண்டது. எங்களுக்குச் சைக்கிள் பழக்கிய முன்வீட்டு அண்ணை ஷெல் பட்டு இறந்த அன்று, "அந்தப் பிள்ளையும் விழுந்திட்டுதாம்" என்றுதான் அம்மா அப்பாவிடம் சொன்னார். அந்த அண்ணை எழும்பி வருவார் என்று நான் கனநாள் அவர்கள் வீட்டுப் படலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறில் கரண்ட் ஒரேயடியாக நின்றது. கொம்பியூட்டரை அம்மா பழஞ்சேலையில் சுற்றி அலுமாரிமேல் வைத்தார். தொண்ணூற்றைந்தில் ஊரே இடம்பெயர்ந்து வெளிக்கிட்டபோது நாங்களும் அதை விட்டுவிட்டு நடந்தோம். திரும்பிப் போய்ப் பார்த்தபோது அலுமாரியும் இல்லை, கூரையும் இல்லை.

இப்போது அம்மா அண்ணையோடு கனடாவில் இருக்கிறார், நான் கொழும்பில். போன கிழமை காலையில் அண்ணை தொலைபேசியில் அழைத்தார்.

"அம்மா விழுந்திட்டா" என்றார்.

"எத்தினை மணிக்குப் போனவ?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியில்தான் தான் சொன்னது என்னவென்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"இல்லையடி, உண்மையா விழுந்தவ. படியிலை சறுக்கி."

பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது, சற்றுக் கோபமாக.

"எழும்பிட்டன் எண்டு சொல்லடா அவளுக்கு."