புளியந்தாங்கலில் ஏறும் இரண்டு பேர்

தாமோதரன் கண்டக்டராகிப் பதினாறு வருஷம். அதில் கடைசி நாலு வருஷமாக ஒரே தடம்தான். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் ரோட்டில் வந்து, உள்ளே பிரிந்து நாலு கிலோமீட்டர் போனால் புளியந்தாங்கல். அதோடு ரோடு முடிந்துவிடும். ஒரு காலத்தில் அறுபது வீடு இருந்த ஊர். கம்பெனி வேலைக்காக ஒவ்வொரு குடும்பமாக சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் போய்விட, இப்போது பதினொரு வீட்டில்தான் ஆள். மற்றதெல்லாம் பூட்டு.

மதியம் ரெண்டு பத்துக்கு அங்கிருந்து திரும்பும்போது ஏறுவது வேண்டாம்மா ஒருத்திதான். திருக்கழுக்குன்றத்தில் கல்யாண மண்டபத்துக்குப் பாத்திரம் கழுவப் போகிறவள்.

ஆள் இல்லாத ட்ரிப்பை நிறுத்தப்போவதாக டெப்போவில் பேச்சு எழுந்தது. அதைத் தாமோதரன் அவளிடம் சொன்னான். மறுநாள் ஏறியதும் அவள், "ரெண்டு குடு நைனா" என்றாள்.

"இன்னொண்ணு யாருக்குமா?"

"எம்பொண்ணு ரோகிணிக்கு. பின்னாடி ஏறிச்சே, பாக்கல?"

பின்னால் யாரும் இல்லை. ஆள் கணக்கைக் கூட்டிக் காட்ட அவள் போடும் திட்டம் என்று நினைத்துச் சிரித்தான். பெண்களுக்குத்தான் இலவசமாயிற்றே என்று மிஷினில் இன்னொன்று அடித்துக் கொடுத்தான்.

டிரைவர் கேசவன் பக்கத்து ஊர்க்காரர். அன்று டீ குடிக்கும்போது அவர்தான் சொன்னார். "ரோகிணியா? அது செத்து பன்னெண்டு வருஷம் ஆவுதுப்பா. நெறமாசம். வலி வந்து, மெயின் ரோடு வரைக்கும் கட்டில்ல தூக்கிகினு வந்தாங்க. வர்ற வழியிலயே போயிடுச்சு. அதுக்கப்புறம்தான் ஊரே ரோட்ல குந்திகினு பஸ் கேட்டுச்சு. பஸ் வர ஏழு வருஷம் ஆச்சு. அதுக்குள்ள கேட்டவங்கள்ல பாதிப் பேரு ஊரக் காலி பண்ணிட்டாங்க."

பிறகு தாமோதரனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் தினமும் இரண்டு டிக்கெட் கொடுத்தான். மறுக்க மனசு வரவில்லை. அவள் முன்படியில் ஏறி உட்கார்ந்த பிறகு, பின்படிப் பக்கம் வண்டி லேசாக அமுங்கி எழும். ஸ்பிரிங் போயிருக்கும் என்றார் கேசவன். டெப்போவில் பார்த்தார்கள். ஸ்பிரிங் நன்றாகத்தான் இருந்தது.

ஆனி மாதம் ஒரு நாள், மெயின் ரோடு ஏறும் முனையில் செக்கிங் இன்ஸ்பெக்டர் ராமானுஜம் கை காட்டி ஏறினார். ஊருக்குப் புதியவர். மிஷினை வாங்கிப் பார்த்தார். இரண்டு டிக்கெட். வண்டியில் தாமோதரன் கண்ணுக்குத் தெரிந்ததோ ஒரே ஆள். மெமோ நிச்சயம், சஸ்பெண்டுகூட ஆகலாம்.

ராமானுஜம் வேண்டாம்மாவைப் பார்த்தார். அப்புறம் பின்னால் பார்த்தார்.

"ரெண்டு பேர். சரியா இருக்கு" என்று எழுதிக்கொண்டார். இறங்குமுன் குரலைத் தாழ்த்தி, "ஏம்பா, கடைசி சீட்ல தூக்கித் தூக்கிப் போடும். அந்தப் புள்ளத்தாச்சிப் பொண்ண முன்னாடி உக்கார வெக்கக் கூடாதா?" என்றார்.

தாமோதரன் திரும்பிப் பார்க்கவில்லை. திருக்கழுக்குன்றம் வரும்வரை முன்படியிலேயே கம்பியைப் பிடித்தபடி நின்றான். வெயிலில் கம்பி சுட்டது, அவன் கை மட்டும் சில்லென்று இருந்தது.

மறுநாள் வேண்டாம்மாவிடம் சொன்னான். அவள் அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நீ பாத்ததே இல்லியாமா?"

"இல்ல நைனா. ஏறுற சத்தம் மட்டும் கேக்கும். எனக்குக் காட்டல, அந்த ஆளுக்குக் காட்டிக்கீது. வலியோடவா குந்திகினு இருந்திச்சு? கேட்டியா?"

அவன் கேட்கவில்லை. அதற்காகவே டெப்போவுக்குப் போய் ராமானுஜத்தைத் தேடிப் பிடித்தான்.

"வலியா? அதெல்லாம் இல்லையே. ஜன்னல்ல தலைய சாச்சு நல்லாத் தூங்கிட்டிருந்துச்சு. ஏம்பா?"

மறுநாள் மதியம் புளியந்தாங்கலில் தாமோதரன் அதை அப்படியே சொன்னான்.

இதைக் கேட்டபோதுதான் வேண்டாம்மா அழுதாள். படியிலேயே உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். கேசவன் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்.

ட்ரிப்பை இன்னும் நிறுத்தவில்லை, பேச்சு மட்டும் அவ்வப்போது எழும். வேண்டாம்மா இப்போது கடைசி சீட்டில்தான் உட்காருகிறாள், ஜன்னல் ஓரத்தை விட்டுவிட்டு. தாமோதரன் இரண்டு டிக்கெட்டையும் அங்கேயே கொண்டுபோய்க் கொடுக்கிறான், தலை நிமிராமல்.