உயிரோடு இருப்பவருக்கு நன்மரணச் செபம்

கோயிலில் சனம் அமரும் வாங்குகளில் கடைசியின் தெற்கு வாசல் ஓரம்தான் சிமியோனின் இடம். கலியாணம் முடித்த காலத்திலிருந்தே அப்படித்தான். முகத்தில் காற்றுப் படாவிட்டால் தனக்குப் பூசை மனதில் ஏறாது என்பார். பிரசங்கம் நீண்டால் மெல்ல எழும்பி வெளியே போய், சோளகக் காற்று எப்படி இழுக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து அமர்வார். கடற்றொழில் ஊரான குருநகரில் யாரும் அதைப் பெரிதாக எடுத்ததில்லை.

சென்ற வருடம் அதற்கு வேறு அர்த்தம் வந்துவிட்டது. பாவம் மனுசன், சலம் அடக்க முடியாது போல என்று பெண்கள் குசுகுசுத்தது அவர் காதில் விழுந்தது. பற்றிக்கொண்டு வந்தது.

அவருக்குப் புரொஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று பெரியாஸ்பத்திரியில் கண்டுபிடித்திருந்தார்கள். ரத்தப் பரிசோதனையில் சந்தேகம் வந்து, ஸ்கான் எடுத்து, ஊசியால் சதைத் துணுக்குகள் எடுத்துப் பார்த்தபோது தெரிந்தது. மிக ஆரம்பம், மெல்ல வளரும் வகை, சுரப்பியைத் தாண்டவில்லை. டொக்டர் அம்மா பொறுமையாக விளங்கப்படுத்தினார். வெட்டலாம், வெட்டினால் சிலருக்குச் சிறுநீர் தானாகப் போகும், ஆண்மையும் குறையலாம். அல்லது வெட்டாமல், கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆறு மாதத்துக்கொருமுறை ரத்தம், இடையிடையே ஸ்கான், தேவைப்பட்டால் மறுபடி ஊசி. நோய் கூடுகிற மாதிரித் தெரிந்தால் அப்போது வைத்தியத்தைத் தொடங்கலாம்.

சிமியோனும் மனைவி மரியநாயகியும் வீட்டில் இருந்து யோசித்தார்கள். அவருக்குப் பயம் இல்லாமல் இல்லை. உடம்புக்குள் அது இருக்கிறது என்ற நினைப்பு போகவே இல்லை. ஆனாலும் இடுப்புச் சாரம் நனைய நனைய வள்ளத்தில் நின்று வலை இழுக்கிற சீவியம் வேண்டாம் என்றார். பார்த்துக்கொண்டிருக்கும் வழியையே எடுத்தார்கள்.

அங்கேதான் வந்தது வினை. எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரி ஒருவரை வெட்டாமலும் மருந்து கொடுக்காமலும் வீட்டுக்கு அனுப்பினால் அதற்கு ஒரே அர்த்தம்: கைவிட்டாயிற்று. தங்கை பியாட்றிஸ் அப்படித்தான் விளங்கிக்கொண்டாள். விளங்கியதோடு நிற்காமல் தெரு முழுக்கச் சொன்னாள். அப்பிளும் பிஸ்கற்றுமாகச் சனம் வந்தது. முற்றத்தில் விறகு கொத்திக்கொண்டிருந்த மனிதனின் கையைப் பிடித்து, உருகிப்போனீர்களே என்று அழுதது. அவர் ஒரு கிலோவும் குறைந்திருக்கவில்லை.

அதையெல்லாம் பொறுத்தார். பொறுக்க முடியாதது வள்ள விசயம். அவருக்கும் பியாட்றிஸின் மகன் கிறிஸ்ரோபருக்கும் பொதுவான வள்ளம் அது. ஒருநாள் விடியக் கரைக்குப் போனால் அவருடைய இடத்தில் அடுத்த தெருக் கொலின்ஸ் இருந்தான். "நீங்கள் வீட்டிலை ஆறுதலா இருங்கோ மாமா" என்று சொல்லிவிட்டுக் கிறிஸ்ரோபர் என்ஜினை இழுத்தான். சிமியோன் கரையில் தனியே நின்றார்; நோயின் பெயரைக் கேட்ட நாளில்கூட அவர் இப்படித் தனித்துப்போனதில்லை.

அடுத்த ஞாயிறு பூசையில், மன்றாட்டு நேரம், மரணப்படுக்கையில் இருக்கும் சிமியோனுக்கு நன்மரணம் கிடைக்கவேண்டும் என்று சுவாமியார் வாசித்தார். பெயர் கொடுத்தவள் பியாட்றிஸ். சுவாமியார் ஊருக்குப் புதிது, ஆளைத் தெரியாது. ஊருக்குத் தெரியும். கோயிலே கடைசி வாங்கைத் திரும்பிப் பார்த்தது. சிமியோன் எழும்பினார், வாயைத் திறக்கத்தான். அதற்குள் கோயில் மணியடிக்கும் நீக்கிலாப்பிள்ளை ஓடிவந்து அவருடைய முழங்கையை ஏந்தி, கக்கூஸ் பின்னால் திறந்துதான் கிடக்கிறது என்று காதுக்குள் சொன்னார்.

கையை உதறிக்கொண்டு வெளியே போனவர், பூசை முடிந்து தாயும் மகனும் வந்ததும் வழி மறித்தார்.

"பியாட்றிஸ், நான் எப்ப சாகப்போறன்? நாளைச் சொல்லு. நானும் வரவேணுமெல்லே."

"உங்களைக் கைவிட்டிட்டினம் எண்டுதானே அண்ணை…"

"ஆர் கைவிட்டது? ஆறு மாதத்துக்கு ஒருக்காக் கூப்பிட்டு ரத்தம் எடுத்துப் பாக்கினம். உன்ரை மோனை ஆராவது அப்பிடிப் பாத்து வளத்திருந்தால், மாமன் உயிரோடை இருக்க அவன்ரை இடத்திலை ஆளேத்தியிருக்க மாட்டான்."

கிறிஸ்ரோபர் நிலத்தைப் பார்த்தான். நடுக்கடலில் ஏதும் நடந்தால் மாமிக்கு என்ன சொல்வது என்று முணுமுணுத்தான். அவனுடைய பயம் பொய்யில்லை; அதுவே சிமியோனை இன்னும் கொதிக்க வைத்தது. பயந்தவன் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. அந்த வாரமே அவருக்குக் கிளினிக் தவணை நாள் வந்தது. இரண்டு பேரும் வரவேண்டும் என்றார்.

வந்தார்கள். ரத்தப் பரிசோதனையின் அளவு முன்பு போலவே இருக்கிறது என்றார் டொக்டர் அம்மா. பிறகு ஏன் வெட்டவில்லை என்று பியாட்றிஸ் கேட்டாள். இப்போது வெட்டினால் நோயை விட வெட்டுத்தான் இவருக்குக் கூடுதல் கரைச்சல் கொடுக்கக்கூடும், கடலுக்குப் போகலாம், தவணை மட்டும் தவறக்கூடாது என்று பதில் வந்தது.

"அப்ப நீங்கள் கைவிடேல்லையோ?"

"விட்டிருந்தால் அடுத்த தவணை ஏன் அம்மா குடுக்கிறன்?"

மறுநாளே கொலின்ஸை இறக்கி மாமாவை ஏற்றினான் கிறிஸ்ரோபர். பியாட்றிஸ்தான் திருந்தவில்லை. தன் செபத்தால் அண்ணை சாவிலிருந்து எழும்பிவிட்டார் என்று அதே தெருவில் சொல்லித் திரிந்து, நன்றிப் பூசையும் ஒப்புக்கொடுத்தாள். சிமியோன் அதற்குப் போகவில்லை. "எனக்குச் சுகமும் வரேல்லை, சாவும் வரேல்லை. அதைச் சொல்ல ஒரு பூசை இல்லையோ?" என்று மரியநாயகியிடம் பொரிந்தார்.

இன்றைக்கும் நோய் அவருடைய உடம்பில்தான் இருக்கிறது. கூடவில்லை. அடுத்த தவணை மார்கழியில். கடலுக்குப் போய் வருகிறார். தங்கையோடு கதைப்பதில்லை.