மழைக்கு மூடிய புல்

வேனில் இருந்தவர்கள் இவர்கள். ஓட்டியது என் மச்சான், மனைவியின் தம்பி. அவருக்குப் பக்கத்தில் பொத்துவில் காக்கா, எங்கள் எல்லோருக்கும் அண்ணன் முறை, கேம்பின் சமையல்காரர். பின்னால் சொறிக்கல்முனைத் தம்பி, தச்சுவேலை செய்கிறவர். அவரோடு நான்.

நாங்கள் மஸ்கட்டில் ஒரு ரோட்டு வேலைக் கம்பனியில் இருந்தோம். எண்பதுகளில் ஒரு ஹஜ்ஜுப் பெருநாள் லீவு அது. மச்சான் எங்கள் மேற்பார்வையாளரான போமனிடம் கேட்டு வேனை வாங்கிக்கொண்டார். சலாலாவுக்குப் போய் வரலாம் என்றார். நான் கேம்பிலேயே இருக்கிறேன் என்றேன். கேட்கவில்லை.

எனக்கு யோசனை வேறு. என் அக்ரிமெண்ட் முடியப்போகிறது. திரும்பி வந்ததும் கையெழுத்து வைப்பதா இல்லையா என்று போமனுக்குச் சொல்ல வேண்டும். வைத்தால் இன்னும் இரண்டு வருடம். ஊரில் மூத்த மகளுக்குக் கட்டும் வீடு பாதியில் நின்றது. சுவர் இருந்தது, கூரை இல்லை. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். அதற்காகத்தான் நான் இங்கு வந்ததே.

போகிற வழியெல்லாம் மணல். பெருநாள் தொழுகையை வழியில் ஒரு சின்னப் பள்ளியில் தொழுதோம். முஸாபஹா செய்ய அந்தப் பள்ளியில் தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. நாங்களே ஒருவருக்கொருவர் கை கொடுத்துக்கொண்டோம். கிறிஸ்தவரான சொறிக்கல்முனைத் தம்பி வேனிலிருந்து இறங்கி வந்து அவரும் கை கொடுத்தார்.

அடுத்த நாள் மலை இறங்கிச் சலாலாவைத் தொட்டதும் தூறல் பிடித்தது. கீழே தென்னை, வாழை, பப்பாசி. அங்கால கடல்.

"இந்தா, கல்முனைக்கு வந்திட்டம். டிக்கட்டுக் காசி மிச்சம்" என்றார் காக்கா. எங்கள் ஊர்ப் பக்கத்துக் கடற்கரைப் பட்டணம் அது.

மற்றவர்களுக்குச் சந்தோசம். எனக்கு அப்படியில்லை. மணலில் இருந்தபோது ஊர் தூரத்தில் இருந்தது. இங்கே அது பக்கத்தில் வந்து நின்றது. ஊரில் அப்போது வெள்ளாமை வெட்டும் காலம். இறக்காமம் பக்கம் இருக்கும் என் வயலை என் கூடப்பிறந்த தம்பி பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு தோட்டத்து ஓரத்தில் வேனை நிறுத்தினோம். காக்கா ஆடு வாங்கி ஆக்கினார். பெரிய தட்டில் கொட்டி நான்கு பேரும் சுற்றியிருந்து தின்றோம். பிறகு தென்னைக்கடியில் பாயை விரித்துப் படுத்தோம். தூறல் விட்டிருந்தது.

கண் அயர்ந்துவிட்டேன். முகத்தில் துளி விழுந்தது.

வெட்டிய கதிரைக் கட்டி வயலில் குவித்து வைப்பதைச் சூடு என்போம். சூட்டில் மழை இறங்கினால் நெல் முளைத்துவிடும். பிறகு அந்தப் போகம் இல்லை.

எழுந்து ஓடினேன். வேனுக்கு மேலே எங்கள் பைகளை மூடியிருந்த தார்ப்பாய்ப் படங்கை இழுத்தெடுத்தேன். தோட்டத்தில் ஒரு குவியல் நின்றது. அதை மூடினேன். மூலைக்கு மூலை கல் வைத்தேன். "சூடு நனையுது, எழும்புங்க" என்று கத்தினேனாம். அது எனக்கு ஞாபகமில்லை. கடைசிக் கல்லை வைக்கும்போதுதான் தெளிந்தேன். அது மாட்டுக்கு வெட்டிப் போட்ட புல்.

மூன்று பேரும் பாயில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"காக்கா, வெள்ளாமை எத்தின மூட்டை தேறும்?" என்றார் சொறிக்கல்முனைத் தம்பி.

"அதை விடு தம்பி. என்ட பெருநாள் சட்டை நனையுது" என்றார் பொத்துவில் காக்கா.

தோட்டக்காரர் வந்தார். படங்கையும் கல்லையும் பார்த்தார். மச்சானிடம் அரபியில் என்னவோ சொல்லிச் சிரித்தார். போய் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து என் கையில் தந்தார்.

"என்னவாம்?" என்று மச்சானிடம் கேட்டேன்.

"இந்த மழையில நனையத்தான் எங்கெங்க இருந்தெல்லாம் சனம் வாறாம். மூடுறதுக்கு வந்த ஆள் நீங்க மட்டுந்தானாம்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பழத்தைத் தின்றோம்.

திரும்பும்போது மச்சானுக்குப் பக்கத்தில் நான் இருந்தேன். பின்னால் இரண்டு பேரும் நித்திரை.

"கையெழுத்து வைக்கிறதுதானே மச்சான்?" என்றார்.

"இல்ல."

கொஞ்சத் தூரம் ஓட்டினார்.

"புல்லை மூடினதுக்கா?"

"ஓம்."

"பைத்தியமா உங்களுக்கு? புள்ளைட வூடு?"

"சுவர் நிக்கிதுதானே."

"சுவரைப் பாத்தா மாப்பிள்ளை வருவாரு?"

"தெரியா."

என் மகள் அவருக்கு அக்கா மகள், மருமகள் முறை. கோபம் நியாயம். மஸ்கட் வரும்வரை அவர் என்னோடு கதைக்கவில்லை. வந்திறங்கியதும் போமனிடம் போய்ச் சொன்னேன். விமான நிலையத்துக்கு என்னைக் கொண்டுபோய் விட்டது மச்சான்தான். "படங்கு ஒண்டு வாங்கித் தரவா?" என்று கேட்டார். அப்போதுதான் பழையபடி கதைத்தார்.

ஊருக்கு வந்து மாரிப் போகம் விதைத்தேன். மழை பிழைக்கவில்லை. சூடு நனையவில்லை. நெல்லை விற்று ஓடு வாங்கினேன். முழு வீட்டுக்கும் காணாது, ஒரு அறைக்குத்தான் வந்தது.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் வாப்பா உள்ளே போய் ஒவ்வொரு அறையிலும் அண்ணாந்து பார்த்தார்.

"மத்ததெல்லாம்?" என்றார்.

"போகத்துக்குப் போகம் போடுவன்" என்றேன்.

அவரும் வெள்ளாமைக்காரர். தலையை ஆட்டினார்.

நிக்காஹ் நடந்த அன்று அந்த வீட்டில் தென்னங்கிடுகு வேய்ந்த அறை இரண்டு. ஓடு போட்டது ஒன்று.