நகை வேறு, பங்கு வேறு

எங்கள் அத்தா மௌத்தாகி நாற்பது நாள்கூட ஆகவில்லை. அம்மா முன்பே போய்விட்டார். பிள்ளைகள் அண்ணனும் நானும்தான். சிதம்பரம் வீட்டை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடக் கடலூரிலிருந்து என்னை வரச் சொன்னார்கள். பங்கு கேட்கும் தங்கைக்குப் பிறந்தவீட்டு வாசல் அடைபட்டுவிடும் என்ற பயம் எங்கள் பக்கத்தில் உண்டு. அதனால் சம்மதித்துத்தான் பஸ் ஏறினேன்.

பதிவு அலுவலகத்தில் பேனாவைத் திறந்த பிறகுதான் பத்திரத்தைப் படித்தேன். ‘என் பங்கை முழுமையாகப் பெற்றுக்கொண்டேன்’ என்றிருந்தது.

“நான் எதுவும் வாங்கலையேண்ணே?”

“கல்யாணத்துல நகை போட்டோமே, அதான் உன் பங்கு. மார்க்கத்துலயே ஆம்பளைக்குத்தான் ஜாஸ்தி.”

எனக்குச் சுருக்கென்றது. “ஆணுக்கு ரெண்டுன்னு சொல்ற அதே வசனம்தான் பொண்ணுக்கு ஒண்ணுன்னும் சொல்லுது. அது நியாயமான்னு அப்புறம் பேசுவோம். மொதல்ல அந்த ஒண்ணைக் குடுங்க.”

பேனாவை மூடிவிட்டேன்.

ஒன்றரை வருடம் அண்ணன் என்னோடு பேசவில்லை. ஆனால் என் கையெழுத்து இல்லாமல் பத்திரம் நகராததால், கடைசியில் வீட்டில் மூன்றில் ஒரு பங்கு என் பெயருக்கு வந்தது.

போன மாதம் என் மகளுக்கு நிக்காஹ். நகை போடும்போது மகனையும் பக்கத்தில் நிற்கவைத்துச் சொன்னேன்: “இது நகை. அவ பங்கு இன்னும் வீட்டுலதான் இருக்கு.”