ஓர்லோவ் வளைவுக்கு இரண்டு போர்டு

1. அழித்துவிட்டு அதையே எழுது

போர்டு எழுதுகிறவனுக்கு முதல் பாடம், மேட்டரைக் கேள்வி கேட்கக் கூடாது என்பது. வாடிக்கையாளர் என்ன எழுதச் சொல்கிறாரோ அதுதான் மேட்டர். ‘சுத்தமான நெய்’ என்று எழுதச் சொன்னால் எழுத வேண்டியதுதான். நெய்யை முகர்ந்து பார்ப்பது நம் வேலை இல்லை. கொடைக்கானல் பஜாரில் ‘மாரி ஆர்ட்ஸ்’ என்று கடை போட்ட நாளிலிருந்து நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரே ஒரு மேட்டருக்குத்தான் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

அதைக் கொண்டுவந்தவர் சிதம்பரம் முதலாளி. பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை, மலைமேல் லாட்ஜ், நடுவில் மலை ரோட்டோரம் கொஞ்சம் நிலம் என்று மேலிருந்து கீழ்வரை அவருக்குச் சொத்து உண்டு. ஊரில் எந்தக் கமிட்டி கூடினாலும் தலைவர் அவர்தான். கமிட்டி கூடாத வாரத்தில் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

“மாரி, மலை ரோட்டு வளைவுல ஓர்லோவ் தொரை வீட்டு கேட்ல ஒரு தகர போர்டு கெடக்குல்ல? வெரசாப் போயி அதக் கழட்டிரு.”

“சரிங்க முதலாளி. புதுசா என்ன எழுதணும்?”

“அஞ்சடிக்கு மூணடி. நீலத்துல வெள்ள எழுத்து. ‘ஓர்லோவ் பாயிண்ட்’னு எழுதி அதே வளைவுல வையி.”

“ஓர்லோவ எடுத்துட்டு ஓர்லோவயே வைக்கவா?”

“ஏலே, அது வேற ஓர்லோவ்டா.”

இங்கே ஓர்லோவ் துரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ரஷ்யாவில் ராஜா ஆட்சி போய்ப் புரட்சி வந்தபோது ஓடிவந்தவர்களில் ஒருவர். எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் எங்கள் மலையில் ஒதுங்கினார். மிஷன் பள்ளிக்கூடங்களின் பியானோக்களுக்கு ஸ்ருதி சேர்ப்பது ஒரு தொழில். வீட்டு முன்னால் அவர் கையால் ஒட்டுக்கட்டி வளர்த்த பேரிக்காய் மரத்தில் காய்ப்பதை ஜாம் காய்ச்சி விற்பது இன்னொரு தொழில். பியானோக்கள் குறையக் குறைய அந்த மரம்தான் அவருக்குச் சோறு போட்டது. வீடும் நிலமும் முதலாளியுடையவை. துரை வாடகைக்கு இருந்தார்.

எங்கள் மலை ரோட்டில் வளைவுகளுக்குப் பெயர் வைப்பது பஸ் கண்டக்டர்கள்தான். அங்கே யார் குடியிருக்கிறாரோ அவர் பெயர். “ஓர்லோவெல்லாம் எறங்கு!” என்று கண்டக்டர் கத்தினால், கூடையும் கோழியுமாகப் பத்துப் பேர் இறங்குவார்கள். அவர்களில் ஒருவருக்கும் ரஷ்யா எந்தத் திசை என்று தெரியாது.

2. கமிட்டியில் வந்த ஓர்லோவ்கள்

ரஷ்யாக்காரர்கள் வானத்துக்கு ஆள் அனுப்பி, நம் பத்திரிகைகளெல்லாம் அதையே எழுதிக்கொண்டிருந்த காலம் அது. முதலாளி என்னிடம் வருவதற்கு முன்னால் அவருக்கு மெட்ராஸிலிருந்து ஒரு தந்தி வந்திருந்தது. ரஷ்ய விருந்தாளி ஓர்லோவ், தை மாதத்தில் மலையைப் பார்க்க வருகிறார், தக்கபடி வரவேற்கவும் என்று இருந்தது. அவர் யார், எதற்கு வருகிறார் என்று ஒரு சொல் இல்லை. யாராவது பதில் தந்தி கொடுத்துக் கேட்டிருக்கலாம். கேட்டால் நமக்குத் தெரியாது என்று தெரிந்துவிடுமே! அதனால் கமிட்டி கூடியது.

நீலத்தில் எந்த நீலம் என்று காட்ட சாம்பிள் தகரங்களோடு போயிருந்த நான் ஒரு ஓரமாக நின்றேன்.

முதலில் பள்ளிக்கூட வாத்தியார் வேலுச்சாமி எழுந்தார். சிவப்புக் கட்சி அபிமானி. “ஓர்லோவ் யாருன்னு கேக்கிறதே வெக்கக்கேடுங்க. புரட்சியில முன்னால நின்ன மாவீரர். அவரோட பேரனாத்தான் இருக்கணும்” என்றார். மாவீரர் என்ன செய்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. வாத்தியாரும் நல்லவேளை என்று உட்கார்ந்தார்.

அடுத்தவர் ஏரிக்கரையில் குதிரை வாடகைக்கு விடும் காதர் பாய். “வாத்தியாரே, ஓர்லோவ்ங்கிறது குதிரைங்க. எங்க அத்தா காலத்துல ஒரு கர்னல் தொரை சொல்லுவாரு, ஓர்லோவ் சாதிக் குதிர ஓடுனா தரையில குளம்பு படாதாம். அந்தக் குதிரைய உண்டாக்குன வம்சம் வருது. நம்ம குதிரைங்களையும் வரிசையா நிப்பாட்டணும்.”

முதலாளி கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தாழ்ந்த குரலில், “ஓர்லோவ்னு ஒரு வைரம் இருக்கு, தெரியுமா?” என்றார். “ஸ்ரீரங்கம் பெருமாளோட கண்ணா இருந்துச்சாம். எவனோ களவாண்டு, கைமாறிக் கைமாறி அங்க போயிருச்சுன்னு ஒரு கதை. அந்தப் பேர்க்காரன் இப்ப நம்ம மலைக்கு வாரான்.”

எல்லோரும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்கள்.

“அப்ப மால போடவா, போலீசக் கூப்புடவா?” என்று காதர் பாய் கேட்டார்.

முதலாளி யோசித்தார். “மால போடுவோம். கண்ணு போனது போச்சு, பெரிய மனுசன் சிநேகம் கெடச்சாக் கெடைக்கட்டும்.”

ஆக மாவீரருக்கு ஒரு ஓட்டு, குதிரைக்கு ஒரு ஓட்டு, வைரத்துக்கு ஒரு ஓட்டு. மூவரும் மூன்று ஓர்லோவை மனதில் வைத்துக்கொண்டு, மலை ரோட்டு வளைவுக்கு, முதலாளி என்னிடம் முன்கூட்டியே சொல்லிவைத்த ‘ஓர்லோவ் பாயிண்ட்’ என்ற பெயரையே வைப்பதென ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். ஏற்கெனவே அதற்கு அந்தப் பெயர்தான் என்பது யாருக்கும் நினைவு வரவில்லை.

வளைவில் ஒரே ஒரு இடைஞ்சல். அங்கே ஓர்லோவ் குடியிருந்தார்.

“பெரிய ஓர்லோவ் வர்ற எடத்துல இந்த ஜாம் ஓர்லோவ் கொடியில துணி காயப்போட்டா நல்லாவா இருக்கும்?” என்றார் முதலாளி. “அதோட இவரு அந்த ஊர விட்டு ஓடியாந்தவரு. விருந்தாளி மொகம் சுளிப்பாரு. வீட்ட இடிச்சுட்டு வியூ பாக்க மேடை கட்டிருவோம். மரத்தையும் எடுத்துரலாம், மறைக்கிது.”

“மரம் விழா முடியட்டுங்க” என்றார் காதர் பாய். “மைக்செட்டுக் குழாய் கட்ட வேற ஒசரம் இல்ல.”

மரத்துக்கு அப்படித்தான் ஆயுள் நீண்டது. வீட்டை இடிப்பதும் விழாவுக்குப் பிறகு என்று தள்ளிப்போயிற்று; துரை மட்டும் முன்னாலேயே காலி பண்ண வேண்டும்.

3. கிழங்கு கிட்டங்கி

தகர போர்டைக் கழற்ற நான்தான் போனேன். ‘ஓர்லோவ். பியானோ ஸ்ருதி. பேரிக்காய் ஜாம்’ என்று நானே எழுதிக் கொடுத்தது. நான் எழுதியதை நானே கழற்றுவது போர்டுக்காரனுக்குச் செருப்பால் அடித்த மாதிரி.

துரை கேட்டுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார். எங்கள் ஊரில் இருந்து இருந்து அவர் பேச்சும் எங்கள் பேச்சாகவே ஆகிவிட்டிருந்தது.

“ஏலே மாரி, இந்தப் பேர நான் எங்கயும் களவாண்டு வரலியே. எங்கப்பன் குடுத்ததுதான.”

“முதலாளி சொன்னாருங்க தொரை.”

“வீடு போனாப் போகுது. மரத்தக் கவாத்து பண்ண வேண்டிய மாசம் இது. இப்பக் கெளைய வெட்டலன்னா இந்த வருசம் காய் இல்ல. அதச் சொன்னேன். அவரு மரமே இருக்காதுன்னுட்டாரு.”

நான் ஆணியைப் பிடுங்கினேன். வீடு கொடுத்த ஊர், மரம் வளர்த்தவரை அதே பெயரின் மரியாதைக்காகத் துரத்துகிறது. குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்த கதைதான்.

முதலாளி இரக்கமே இல்லாதவர் என்று சொல்லிவிட முடியாது. ரோட்டில் இன்னும் கீழே, பெருமாள்மலையில் அவருடைய உருளைக்கிழங்கு கிட்டங்கி ஒன்று காலியாகக் கிடந்தது. துரையின் கட்டிலும் ஜாம் சட்டிகளும் ஸ்ருதிச் சாவிகளும் அங்கே போய்ச் சேர்ந்தன. அவர் அங்கே படுத்த மறுநாளே கண்டக்டர் கிட்டங்கி வாசலில் விசில் அடித்து, “ஓர்லோவெல்லாம் எறங்கு!” என்று கத்தினார். கண்டக்டர்களுக்கு யார் கமிட்டித் தீர்மானத்தைப் படித்துக் காட்டுவது?

புது போர்டு எழுதுவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. தை மாதக் குளிரில் எனாமல் காயாது. கரி அடுப்பைப் பக்கத்தில் வைத்து, தகரத்தைத் திருப்பித் திருப்பிக் காட்ட வேண்டும். ஒருவழியாக விழாவுக்கு முதல் நாள் வளைவில், துரை வீட்டு கேட்டுக்கு எதிரே நட்டேன். விழாவன்று வெள்ளனே ஏணியைத் தூக்கிக்கொண்டு கிட்டங்கிக்குப் போனேன். துரை தன் பழைய போர்டை அங்கே மாட்டித் தரச் சொல்லியிருந்தார். வாடிக்கையாளர் கேட்டால் மாட்ட வேண்டியதுதானே?

நான் ஏணியில் நின்று கடைசி ஆணியை அடித்துக்கொண்டிருந்தபோது, கீழேயிருந்து ஏறிவந்த ஒரு கார் நின்றது. மதுரை டிரைவர் தலையை வெளியே நீட்டிப் போர்டைப் படித்தான். “ஓர்லோவ் பாயிண்ட்ல நிறுத்தச் சொன்னாங்க. இங்க ஓர்லோவ்னு போட்டிருக்கு. எடம் இதுதாங்க, எறங்குங்க.”

வேண்டுமென்றே செய்தாயா என்று இன்றுவரை என்னைக் கேட்கிறார்கள். போர்டு எழுதுகிறவன் மேட்டரைப் பற்றிப் பேசக் கூடாது.

4. வந்த ஓர்லோவ்

காரிலிருந்து குள்ளமாக, மூக்கு சிவந்த ஒரு மனிதர் இறங்கினார். கூடவே மெட்ராஸ்காரப் பெண் ஒருவர், மொழிபெயர்க்க வந்தவர். துரை கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தார். விருந்தாளி ஏதோ ரஷ்ய மொழியில் சொல்ல, துரை அப்படியே நின்றுவிட்டார். அவர் காதில் அந்த மொழி விழுந்து எத்தனை காலமோ. பதில் சொல்ல வாய் திறந்தவருக்கு முதலில் வந்தது, “உள்ள வாங்க” என்ற நம் தமிழ்தான்.

இருவரும் மூலையில் கிடந்த பழைய கிழங்குச் சாக்குக் கட்டுகளின் மேல் விறைப்பாக உட்கார்ந்தார்கள். ஒருவர் ஓடிவந்தவர், இன்னொருவர் அந்த அரசாங்கம் அனுப்பி வந்தவர். மெட்ராஸ் அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. துரை கடுங்காப்பி போட்டு, பக்கத்தில் ஒரு கரண்டி பேரிக்காய் ஜாமை வைத்தார். விருந்தாளி ஜாமை நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். பிறகு மளமளவென்று என்னவோ கேட்டார். துரையும் மளமளவென்று சொன்னார்.

“என்னம்மா, சண்டையா?” என்று நான் கேட்டேன்.

“இல்லப்பா. இவர் பழத்தோட்ட நிபுணராம். எந்த மரம், எந்த ஒட்டுன்னு கேட்கிறார். வாய் திறந்ததிலிருந்து ரெண்டு பேரும் மரத்தைப் பத்தித்தான் பேசறாங்க.”

“அந்த மாவீரர் ஓர்லோவுக்கு இவரு பேரனாம்மா?”

அந்த அம்மா விருந்தாளியிடம் கேட்டுவிட்டுச் சிரித்தார். “அவங்க நாட்டுல ஓர்லோவ்னா, உங்க பழனியில முருகேசன் மாதிரியாம். கூப்பிட்டா பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பாங்களாம்.”

மேலே வளைவில் மாலைகள் வாடிக்கொண்டிருந்தன. நாதஸ்வரக்காரர் மூன்றாம் முறை மல்லாரி வாசித்துக் களைத்திருந்தார். காதர் பாயின் குதிரைகள் ஜிகினாத் துணியைப் போர்த்திக்கொண்டு நின்றன. அப்போது என்னையும் என் ஏணியையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு கார் வந்து, அதிலிருந்து ஒன்றுக்கு இரண்டாக ஓர்லோவ்கள் இறங்கினார்கள். முதலாளிக்கு வாய் பிளந்தது.

விருந்தாளி மாலையை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நேராக மரத்திடம் போனார். சுற்றிப் பார்த்தார். கோட்டைக் கழற்றி ஒரு குதிரையின் மேல் போட்டார். துரை தன் கவாத்துக் கத்தரியை நீட்ட, என் ஏணியில் ஏறினார். குழாய் இடைஞ்சலாக இருக்கிறது என்று கை காட்டினார். மைக்செட்காரர் அதைக் கழற்றிக் கார் மேல் வைத்தார். மாவீரரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த வாத்தியாருக்குப் பாதியில் சத்தம் போயிற்று. கூட்டம் கிளை விழுவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஏணிக்குக் கீழே நின்று துரை, “அதில்ல, அந்தக் கெள!” என்று தமிழிலும் ரஷ்ய மொழியிலும் மாறி மாறி அதட்டினார்.

முதலாளி மெட்ராஸ் அம்மாவிடம் மெல்ல, “அந்த வைரம் பத்தி…” என்று இழுத்தார். அம்மா கேட்டுச் சொன்னார். “ஓர்லோவ்களுக்கெல்லாம் வைரம் கிடைச்சிருந்தா, நான் ஏன் மரம் ஏறிக்கிட்டிருக்கேன்னு கேட்கிறார்.”

இறங்கி வந்த விருந்தாளி கையைத் துடைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார். அம்மா அதை அப்படியே சொன்னார். “மரம் இந்தப் பெரியவருடையதுன்னா, அவர் ஏன் கீழே கிழங்குக் கிடங்குல இருக்கார்னு கேட்கிறார்.”

நன்றியுரைக்காக முதலாளி மைக்கைக் கையில் வைத்திருந்தார். மைக்செட்காரரும் அந்த நேரம் பார்த்துத்தான் குழாயை மறுபடி இணைத்திருந்தார். தைக் குளிரிலும் முதலாளிக்கு வேர்த்தது.

“அது… வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம்ங்க. நாளைக்கே இங்க வந்துருவாரு. மரம் அவரோடது. அவரு இருக்கிற மட்டும் வீடும் அவரோடது.”

பள்ளத்தாக்கு முழுக்க அந்தக் குரல் எதிரொலித்தது. கீழே பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூடக் கேட்டிருப்பார்கள். முதலாளியே தன் வாக்கைத் தன் காதால் இரண்டு முறை கேட்டார். கூட்டம் கை தட்டியது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்; ஏணியை எடுக்கக்கூட மறந்துபோனேன்.

5. நம்ம ஓர்லோவ்

மறுநாள் நிஜமாகவே வெள்ளையடித்தார்கள். துரை திரும்பி வந்தார். பழைய போர்டைக் கிட்டங்கியிலிருந்து பிடுங்கி மறுபடி கேட்டில் மாட்டினேன். ஓர்லோவ் பாயிண்டும் ஓர்லோவும் ஒன்றையொன்று பார்த்தபடி நின்றன. நீல போர்டு இரண்டு மழைக்காலத்தில் துருப்பிடித்தது. கவாத்து பண்ணிய அந்த வருடமே மரம் காய்த்த காய்ப்பில் முதலாளி வீட்டுக்கே ஒரு சட்டி ஜாம் போயிற்று.

நாலைந்து வருடம் கழித்துத் துரை கண்ணை மூடினார். கல்லறைக்குக் கல் வைக்க வேண்டும் என்று முதலாளியே என் கடைக்கு வந்து உட்கார்ந்தார். நான்தான் கேட்டேன், கொஞ்சம் குத்தலாகத்தான்.

“எந்த ஓர்லோவ்னு எழுதணும் முதலாளி? அந்தப் பேருல நெறைய ஆளு இருக்கு.”

அவர் தலை நிமிரவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நம்ம ஓர்லோவ்னு எழுது மாரி.”

அப்படியே எழுதினேன். இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது, முதல் பாடத்தை மறந்துவிடுங்கள் என்பதுதான். மேட்டரைக் கேள்வி கேட்கலாம். ஒரு பெயரை எழுதச் சொன்னால், அந்தப் பெயர்க்காரர் இப்போது எங்கே குடியிருக்கிறார் என்று கேட்டுவிட்டுப் பிரஷ்ஷைத் தொடுங்கள்.