இரண்டாம் பம்பின் சாவி

"இது என்னன்னு தெரியுதா?" என்று மாமா கேட்டார்.

"பூட்டு," என்றாள் அவள்.

"யாரு பூட்டு?"

"உங்க பூட்டு."

"சாவி யார்கிட்ட இருக்கணும்?"

"உங்ககிட்ட."

"அங்கதான் தப்பு. என்கிட்ட இருந்தா, குழிக்குள்ள குனியறப்ப பையிலேருந்து விழுந்து தொலையும். அப்புறம் பூட்டை உடைப்பாங்க. உடைச்சுப் பழகிட்டா கை சும்மா இருக்காது. அதனால சாவி உன்கிட்ட இருக்கும். யாருக்குக் குடுப்பே?"

"உங்களுக்கு."

"நான்தான்னு எப்படித் தெரியும்?"

அவள் விழித்தாள். அக்காவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து வீட்டில் பார்த்துவரும் ஆளை எப்படித் தெரியாமல் போகும்?

"முகத்தைப் பாரு. சட்டையை நம்பாதே. 'அவரு மேல வந்துட்டாரு'ன்னு எவன் வந்து சொன்னாலும் நம்பாதே. என் முகம், அதுக்குக் கீழ ரெண்டு கை. எண்ணிப் பாத்துட்டுக் குடு."

"சரி மாமா."

"அவ்வளவுதானா? உங்கப்பா ரெண்டு மொழி படிக்க வெச்சாரே, மொழிக்கு ஒரு வார்த்தையா?"

நகரத்துக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் அவள் வேலைக்குச் சேர்ந்த நாள் அது. மாமா அங்கே ஃபிட்டர். பட்டறையில் அவருக்கு 'மூணு தடவை' என்று பெயர். ஒரு நட்டை முடுக்கினால் மூன்று தடவை தொட்டுப் பார்ப்பார். வீட்டிலும் அதே கதைதான். அடுப்பை அணைத்துவிட்டுப் படுக்கப் போனவர் எழுந்து வந்து மறுபடி திருகிப் பார்ப்பார். "அது அணைஞ்சு அரை மணி நேரமாச்சு, நீங்கதான் இன்னும் அணையல," என்று அக்கா படுக்கையிலிருந்தே கத்துவாள்.

பயந்தவர் என்று எல்லோருக்கும் தெரியும். அவரும் மறைத்ததில்லை. "எனக்கு முன்னால இந்த ஸ்பேனரைப் பிடிச்ச ஆளு, இடது கையால கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டாரு," என்பார். அதற்கு மேல் சொல்லமாட்டார். ஆனாலும் பம்ப் நின்றால் முதலில் குழிக்குள் இறங்குவது அவர்தான்.

குழி என்றால் தண்ணீர் இல்லாத ஆழமான அறை. இரும்பு ஏணியில் இறங்க வேண்டும். அங்கே அருகருகே இரண்டு பம்புகள். சுவருக்கு அந்தப் பக்கம், ஊரின் சாக்கடையெல்லாம் வந்து சேரும் கிணறு. பம்புகள் அதை இறைக்காவிட்டால், வந்த வழியே திரும்பிப் போய்த் தாழ்வான தெருக்களில் வீட்டுக்குள் ஏறும். அக்காவின் வீடு அந்தத் தெருக்களில் ஒன்றில்தான் இருந்தது.

அந்த முதல் நாள் காலையிலிருந்தே மழை. மதியம் இரண்டாம் பம்ப் உறுமிவிட்டு நின்றது. உள்ளே துணி சுற்றியிருந்தது. யாரும் அதை ஓட்டிவிடாதபடி மாமா சுவிட்சுப் பெட்டியில் பூட்டைப் போட்டார், இழுத்துப் பார்த்தார், மறுபடி இழுத்தார், மறுபடியும். சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தார். தன் மஞ்சள் மழைக்கோட்டை ஏணியின் தலையில் மாட்டிவிட்டு இறங்கினார். கூடவே, பம்பின் மூடியைத் தூக்கக் கயிறு பிடிக்கும் ஆளும் இறங்கினார்.

கொஞ்ச நேரத்தில் முதல் பம்பும் சூடேறி நின்றுவிட்டது. அது ஆறும்வரை ஓடாது.

கிணற்றின் மட்டம் திரையில் ஏறிக்கொண்டே வந்தது. இன்ஜினியர் நனைந்த தலையோடு உள்ளே ஓடி வந்தார். கெட்டவர் இல்லை. பசியோடு வந்தவருக்குத் தன் சாப்பாட்டில் பாதியைக் கொடுக்கிறவர். ஆனால் ஊர் முழுக்க அவருக்குத்தான் போன் அடித்துக்கொண்டிருந்தது.

வாக்கிடாக்கியை எடுத்து, "கீழ ஆள் இருக்கா? முதல் பம்ப் போச்சு. ரெண்டாவதை ஓட்டணும். பதில் சொல்லுங்க!" என்றார்.

பதில் இல்லை. இரண்டு பம்புகளும் நின்றிருந்ததால் கட்டடமே மூச்சை அடக்கிக்கொண்டதுபோல் இருந்தது. மழைச் சத்தம் மட்டும்.

அப்போது ஜன்னலுக்கு வெளியே, ஏணி இருக்கும் இடத்திலிருந்து மஞ்சள் மழைக்கோட்டு ஒன்று தலையைக் குனிந்துகொண்டு பட்டறைப் பக்கம் ஓடியது.

"அதோ, மேல வந்துட்டாரு! அதான் பதில் இல்ல. சாவியைக் குடும்மா."

அவளுக்கும் அது மாமாவாகத்தான் தெரிந்தது. அதே கோட்டு, அதே உயரம். கை தானாக நீண்டது. விரல் நுனியில் சாவி தொங்கியது.

முகம்?

கையை இழுத்துக்கொண்டாள்.

"என்னம்மா விளையாடறே? இன்னும் ஒரு முழம் ஏறினா உங்க அக்கா வீட்டு வாசல்தான்!"

 மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினாள். சாவியை இறுக்கிய கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். இன்ஜினியர் ஒரு அடி முன்னால் வந்தார். சின்னப் பிள்ளையிடம் பிடுங்குவதுபோல் பிடுங்கிவிடுவாரோ என்று அவள் சுவரோடு ஒட்டி நின்றாள். அவர் மறுபடி வாக்கிடாக்கியில் கத்தினார்: "ரெண்டாம் பம்பை ஓட்டப் போறோம்! கேக்குதா?"

மஞ்சள் கோட்டு பட்டறையிலிருந்து திரும்பி வந்தது. கையில் வளைந்த கத்தி. ஜன்னலருகில் வந்ததும் முகம் தெரிந்தது. மாமாவின் கோட்டுக்குள் கயிறு பிடிக்கும் ஆள்.

"மாட்டிக்கிட்டாரு!" என்று கண்ணாடிக்கு வெளியிலிருந்து கத்தினார். "துணி மணிக்கட்டுல சுத்திக்கிச்சு, ரெண்டு கையும் பம்புக்குள்ள இருக்கு. அறுக்கணும்!" ஏணிக்கு ஓடினார்.

இன்ஜினியர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அவருக்கு அதன்பிறகு போன் அடித்தது, எடுக்கவில்லை.

எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. திரையில் கோடு சிவப்பைத் தாண்டியது. கடைசியில் மாமா வாசலில் வந்து நின்றார். முதலில் முகம். பிறகு கருப்பாய்ச் சொட்டிக்கொண்டிருந்த இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். அவள் பத்து விரலையும் எண்ணினாள். அதன்பிறகுதான் சாவி கை மாறியது.

பம்ப் ஓடியது, மட்டம் இறங்கியது. அதற்குள் தாழ்வான தெருக்களில் முதல் படிவரை ஏறிவிட்டிருந்தது. அக்கா அன்று மாலை முழுக்க வாசலைக் கழுவினாள். கழுவிக்கொண்டே நிலையத்தில் வேலை பார்க்கிற எல்லோரையும் வாய்க்கு வந்தபடி திட்டினாள். 

மாமா கொல்லைக் குழாயடியில் சோப்பைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மணிக்கட்டிலும் கயிறு இறுக்கியதுபோல் ஊதா வளையம். சோப்பு நழுவி விழுந்தது. அவள் எடுத்துக் கொடுத்தாள்.

"கீழ எல்லாம் கேட்டுச்சு," என்றார். "வாக்கிடாக்கி கழுத்துல தொங்குது. அழுத்திப் பதில் சொல்லத்தான் கை இல்ல. பம்பை ஓட்டப் போறோம்கறாரு. பக்கத்துல ஒருத்தனும் இல்ல. உன் குரல் வருமான்னு பாத்தேன். வரல. குடுத்துட்டியா, இல்லையா... ஒண்ணும் தெரியல."

"குடுக்கல மாமா."

"இப்பத் தெரியுது."

குழாயை மூடினார். மறுபடி தொட்டுப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"நான் கீழ இருக்கறப்ப பேசு, கண்ணு. உனக்குக் கஷ்டம்னு தெரியும். 'சாவி என்கிட்ட இருக்கு மாமா'ன்னு சொல்லு. பதில் வரலேன்னாலும் சொல்லு. நான் ஏணியேறி வர்றவரைக்கும் சொல்லிக்கிட்டே இரு."